உழைப்பு ஒன்றியம் மாறுவேடக் கட்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில், 1989-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவின் கம்யூனிஸ்ட் கட்சிகள் என்ன ஆயின என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் போலந்துக்கு ஒரே ஒரு பத்தி. பழைய கம்யூனிஸ்டுகள் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, சமூக ஜனநாயகம் என்று புதுப் பலகை மாட்டி, மக்களை ஏமாற்றி நான்கே ஆண்டில் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று அந்தப் பத்தி சொல்கிறது. இதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். மாறுவேடம் போட்ட கட்சிகள் என்று போட்டிருந்த பட்டியலில், கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் முன்னணியில் நின்று தொடங்கிய 'உழைப்பு ஒன்றியம்' என்ற போலந்துக் கட்சியின் பெயரையும் சேர்த்துவிட்டார் கட்டுரையாளர். அதுதான் பொறுக்கவில்லை.

நான் அரசியல் படித்தவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல் இன்ஜின் ரூமில் இருந்துவிட்டு, இப்போது தூத்துக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். போலந்தின் க்டினியா துறைமுகத்துக்கு ரிப்பேர் வேலையாக மூன்று முறை போய், ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் தங்கியிருக்கிறேன். 1990 ஜனவரி, 1993 அக்டோபர், 2003 கோடை. கட்டுரையாளர் ஒரு பத்தியில் தாண்டிப் போன கதையின் மூன்று முக்கியமான கட்டங்களும் அந்த மூன்று வருகைக்குள் வந்துவிட்டன. தற்செயல்தான். ஆனால் அதற்கப்புறம் அந்த நாட்டுச் செய்தி எங்கே வந்தாலும் விடாமல் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

முதல் முறை போனபோது எங்கள் கப்பல் டிரை டாக்கில் ஏறியிருந்தது. அந்த ஜனவரி முதல் தேதிதான், நாட்டைச் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாற்ற நிதியமைச்சர் பால்ட்செரோவிச் போட்ட திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. விலைக் கட்டுப்பாடு எடுத்தாயிற்று, மானியம் வெட்டியாயிற்று, ஒரு டாலர் 9,500 ஸ்லோட்டி என்று நிர்ணயித்தாயிற்று. பத்து டாலரை மாற்றினால் கையில் 95,000. ஒரு நாள் பிரபு மாதிரி நடக்கலாம். ஆனால் அந்த ஒரே மாதத்தில் விலைவாசி ஏறக்குறைய 80 சதவீதம் ஏறியது. கப்பல் பட்டறைக் கேன்டீனில் சூப்பின் விலையை கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள். நான் இருந்த வாரங்களில் அந்த எண்ணை நாலைந்து முறை அழித்து எழுதினார்கள். அழித்த இடத்தில் வெள்ளைத் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்ட போர்மேனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். உடைந்த ஆங்கிலம், நிறைய கையசைவு. அவர் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. சாக்கை விலக்கிக் காட்டியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, எங்கள் அப்பா ஓட்டிய ராஜ்தூத்! பேர்தான் வேறு, எஸ்எச்எல் என்று டேங்கில் எழுதியிருந்தது. அவர்கள் நாட்டு எஸ்எச்எல் எம்-11 வண்டியின் அச்சுதான் நம் ஊரில் ராஜ்தூத்தாக ஓடியது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதில் ஏறி உட்கார்ந்து கிக்கரை மிதித்ததிலிருந்து அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் இரண்டு அட்டைகள். ஒன்று கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அட்டை, மற்றது அந்த ஆட்சியை எதிர்த்து நின்ற சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் அட்டை. ஒரே ஆள் இரண்டிலும் எப்படி என்று கேட்டேன். 1980-இல் கட்சியின் சுமார் 30 லட்சம் உறுப்பினர்களில் 10 லட்சம் பேர் வரை சாலிடாரிட்டியிலும் சேர்ந்திருந்தார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அன்று அவர் சொன்ன பதில் எளிமையானது: முதல் அட்டை வீடு கிடைப்பதற்கு, இரண்டாவது அட்டை வெட்கப்படாமல் அந்த வீட்டில் தூங்குவதற்கு.

ஜனவரி கடைசியில் ஒரு சாயங்காலம் கேன்டீன் டிவி முன்னால் கூட்டம். வார்சாவில் பண்பாட்டு மாளிகை மண்டபத்தில் கட்சியின் பதினோராவது மாநாடு. அதுவே கடைசி மாநாடு. மேடையிலிருந்து கட்சித் தலைவர் ரகோவ்ஸ்கி, போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சியின் (கம்யூனிஸ்ட் கட்சியின் முறையான பேர் அதுதான்) கொடியை வெளியே கொண்டு செல்லும்படி உத்தரவிட்டார். கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 41 வருஷம் ஆண்ட கட்சி அத்தோடு முடிந்தது. கேன்டீனில் யாரும் கைதட்டவில்லை, யாரும் அழவுமில்லை. எங்கள் போர்மேன் மட்டும், "இந்த ஆள்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் க்டான்ஸ்க் பட்டறையை மூடுகிறேன் என்றார்" என்று என் காதில் சொன்னார். உண்மைதான். 1988 இலையுதிர் காலத்தில் பிரதமராக இருந்து சாலிடாரிட்டி பிறந்த பட்டறையை மூடப்போவதாக அறிவித்தவர் இதே ரகோவ்ஸ்கி.

அதே மாநாட்டில்தான் புதுக் கட்சி பிறந்தது: போலந்துக் குடியரசின் சமூக ஜனநாயகம். தலைவர் அலெக்சாண்டர் க்வாஷ்நியெவ்ஸ்கி, வயது 35. அதற்கு முன் இளைஞர் நலமும் விளையாட்டும் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர். பொதுச் செயலாளர் லெஷெக் மில்லெர். கட்சியின் கட்டடங்களும் சொத்தும் புதியவர்களிடம் போயின. அந்த வருஷ நவம்பரில் பழைய கட்சியின் சொத்தை அரசுக் கருவூலத்துக்கு எடுத்துக்கொள்ளச் சட்டமே போட வேண்டியிருந்தது. மாஸ்கோவிலிருந்து 12 லட்சம் டாலர் கடனாகக் கைமாறிய விவகாரமும் பின்னால் வெளியே வந்து, விசாரணை நடந்து, கைவிடப்பட்டது. ஆகவே பலகை மாறியது என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்குத் தகராறு இல்லை.

ஏமாந்தார்கள் என்பதில்தான் தகராறு. பக்கத்து டாக்கில் ஒரு கப்பல் நின்றது. கைமாறிய கப்பல். புதுப் பேர் எழுதியாயிற்று, புதுத் துறைமுகத்தின் பேரும் எழுதியாயிற்று. ஆனால் கப்பலின் முகப்பில், நம் தோணிக்காரர்கள் அணியம் என்பார்களே அங்கே, பேரை வெறும் பெயிண்டில் எழுத மாட்டார்கள். எழுத்தின் ஓரத்தை வெல்டிங் பண்ணிப் புடைப்பாக வைத்து அதன் மேல் பெயிண்ட் அடிப்பார்கள். பேர் மாறும்போது அந்தப் புடைப்பைக் கிரைண்டர் வைத்துச் செதுக்கி எடுக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கிற முதலாளி அதைச் செய்யாமல் மேலே பெயிண்டை அப்பிவிடுவான். மத்தியானம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பழைய பேர் முழுசாக எழுந்து நிற்கும். துறைமுகத்தில் எல்லோருக்கும் அது எந்தக் கப்பல் என்று தெரியும். தெரிந்தேதான் அதில் சரக்கு ஏற்றுவார்கள், ஓடுகிற கப்பலாக இருந்தால்.

1993 தேர்தலில் நடந்தது அதுதான். க்வாஷ்நியெவ்ஸ்கி யார், மில்லெர் யார் என்று தெரியாமல் ஒரு போலந்துக்காரரும் ஓட்டுப் போடவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். அந்த மாநாட்டிலேயே இன்னொரு குழு பிரிந்து போனது. அதன் தலைவர் ததேயுஷ் ஃபிஷ்பாக். 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தின்போது க்டான்ஸ்க் பகுதியின் கட்சிச் செயலாளராக இருந்து, தொழிலாளர்களோடு பேச்சு நடத்த வேண்டும் என்று நின்றவர். க்டினியாவிலும் க்டான்ஸ்கிலும் அவர் பேரைச் சொன்னால் கொஞ்சம் மரியாதையோடு பேசுவார்கள். பழைய கட்சியின் சொத்தும் வேண்டாம், வாரிசுரிமையும் வேண்டாம், சுத்தமாகப் புதிதாகத் தொடங்குவோம் என்று தனியாக ஒரு சமூக ஜனநாயக ஒன்றியம் அமைத்தார். அது ஒன்றரை வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கிரைண்டர் வைத்துப் பேரைச் சுத்தமாகச் செதுக்கியவருக்குக் கப்பல் இல்லாமல் போனது. அதில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் பின்னால் உழைப்பு ஒன்றியத்துக்கு வந்தார்கள்.

இன்னும் ஒன்று. சமூக ஜனநாயகம் என்பது போலந்தில் 1990-இல் இறக்குமதி ஆன சரக்கு இல்லை. போலந்து சோஷலிஸ்ட் கட்சி 1892-இல் பாரிசில் தொடங்கியது. ரோசா லக்சம்பர்க் அதிலிருந்து பிரிந்து வைத்த கட்சிக்கே சமூக ஜனநாயகம் என்றுதான் பேர். 1948 டிசம்பரில் கம்யூனிஸ்டுகள் அந்தப் பழைய சோஷலிஸ்ட் கட்சியைத் தங்களோடு 'இணைத்து' விழுங்கினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஐக்கியத் தொழிலாளர் கட்சி. எனவே 1990-இல் அவர்கள் மாட்டிய பலகை ஒரு கணக்கில் அவர்களே அடித்துக் கொண்டுபோன வீட்டின் பழைய பலகை.

சரி, 1993-க்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் ஹன்னா சுஹோட்ஸ்காவின் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. கவிழ்க்கத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் சாலிடாரிட்டி உறுப்பினர்களேதான். சாலிடாரிட்டியின் தலைவராக இருந்து ஜனாதிபதி ஆன லெக் வலேசா நாடாளுமன்றத்தைக் கலைத்தார். முந்தின தேர்தலில் 29 கட்சிகள் சபைக்குள் வந்திருந்தன, பீர் பிரியர்கள் கட்சி உட்பட. இந்தக் கூத்தை நிறுத்தத் தடை ஓட்டு விதி கொண்டுவந்தார்கள்: தனிக் கட்சி என்றால் 5 சதவீதம், கூட்டணி என்றால் 8 சதவீதம் வாங்கினால்தான் இடம். வலதுசாரிகள் ஆளுக்கொரு கட்சியாக நின்று எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். போட்ட ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். க்வாஷ்நியெவ்ஸ்கி கட்சி தலைமையிலான ஜனநாயக இடதுசாரிக் கூட்டணி 20.41 சதவீதம் ஓட்டு வாங்கி, 460-இல் 171 இடம் பிடித்தது. விவசாயிகள் கட்சி 15.4 சதவீதத்தில் 132 இடம். இரண்டும் சேர்ந்து 303. நூற்றுக்கு 36 பேர்கூட ஓட்டுப் போடாத கூட்டு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடத்தோடு உட்கார்ந்தது. நம் ஊரில் இந்த மாதிரிக் கணக்கு புதிதில்லை. ஆனால் இதை 'மக்கள் ஏமாந்தார்கள்' என்று எழுதினால் எப்படி?

தேர்தல் முடிந்த அடுத்த மாதம் நான் அங்கே இருந்தேன். போர்மேன் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார். சாலிடாரிட்டி அட்டையை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிற மனிதர். "அவர்கள் பொய்யர்கள் என்று தெரியும். ஆனால் என் மனைவி வேலை பார்த்த மீன் பதப்படுத்தும் ஆலை மூடியபோது, நம்மவர்கள் வந்து சந்தை, சந்தை என்று பாடம் எடுத்தார்கள். இவர்களாவது பாடம் எடுக்கவில்லை" என்றார். அவருடைய மகள் யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன். "அவளுக்கென்ன, சின்ன வயசு. உனியா ப்ராட்சிக்குப் போட்டாள்" என்றார். உனியா ப்ராட்சி என்றால் உழைப்பு ஒன்றியம். நான் அந்தப் பேரைக் கேட்டது அன்றுதான்.

கட்டுரையாளர் மாறுவேடம் என்கிறாரே, அந்தக் கட்சியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கட்டும்.

கரோல் மொட்செலெவ்ஸ்கி. இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர். 1965-இல் யாட்செக் குரோன் என்ற இன்னொரு எதிர்ப்பாளரோடு சேர்ந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தொழிலாளர் ஆட்சி என்கிறீர்கள், ஆனால் தொழிலாளியின் தலையில் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சாரம். மூன்றரை வருஷம் தண்டனை. வெளியே வந்ததும் 1968 மாணவர் கிளர்ச்சியில் மறுபடி உள்ளே. 1980-இல் வேலைநிறுத்தக் குழுக்கள் எல்லாம் ஒரே நாடளாவிய சங்கமாகச் சேர்ந்தபோது, அதற்குச் 'சாலிடாரிட்டி' என்று பேர் வைக்கலாம் என்று சொன்னவரே அவர்தான். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்ததும் மறுபடி சிறை. மொத்தம் எட்டரை வருஷம். கம்யூனிஸ்ட் ஆட்சி தன் கையால் எட்டரை வருஷம் பூட்டி வைத்த ஆள், ஆட்சி போனதும் எந்தப் பதவிக்கும் ஓடவில்லை. செனட்டில் உட்கார்ந்து பால்ட்செரோவிச் திட்டத்தை எதிர்த்தார். ஆலைத் தொழிலாளிகள்தான் இந்த விடுதலையை வாங்கிக் கொடுத்தார்கள், முதல் அடி அவர்கள் மேலேயே விழுகிறதே என்பது அவர் ஆதங்கம். உழைப்பு ஒன்றியத்தின் முதல் கௌரவத் தலைவர் அவர். இவரா பழைய கம்யூனிஸ்டின் மாறுவேடம்?

ஸ்பிக்னியெவ் புயாக். வார்சாவின் உர்சுஸ் டிராக்டர் ஆலையில் தொழிலாளி. (எஸ்கார்ட்ஸ் டிராக்டர் இந்தியாவில் முதலில் தயாரானது அந்த உர்சுஸின் தொழில்நுட்பத்தில்தான். நம் வயல்காரர்களுக்கும் கொஞ்சம் சொந்தம்.) ராணுவச் சட்டத்துக்குப் பிறகு நாலரை வருஷம் போலீஸ் கையில் சிக்காமல் தலைமறைவாக இருந்து சங்கத்தை நடத்தினார். 1986 மே 31 அன்றுதான் பிடிபட்டார். ரிஷார்ட் புகாய் சங்கத்துக்கு ஆலோசனை சொன்ன பொருளாதார அறிஞர், கட்சியின் தலைவர். இவர்களோடு பழைய கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வந்த சிலரும் இருந்தார்கள், ஃபிஷ்பாக் வழியில் வந்தவர்கள். சிறை வைத்த கட்சியின் ஆட்களும் சிறைக்குப் போன ஆட்களும் 1992 ஜூனில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கட்சி தொடங்கினார்கள். போர்மேனின் பிஸ்கட் டப்பாவில் இரண்டு அட்டையும் சேர்ந்து கிடந்த மாதிரி. அந்தக் காலத்துப் போலந்தில் வேறு யாரும் துணியாத காரியம் அது.

வெறும் பொருளாதாரம் மட்டும் பேசியவர்கள் இல்லை. கருக்கலைப்பைத் தடை செய்யும் மசோதா வந்தபோது, இதை மக்களிடம் பொது வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று புயாக்கும் வேறு கட்சியைச் சேர்ந்த பார்பரா லபுதாவும் குழு அமைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. தெருமுனையில் மேசை போட்டுப் பெண்கள் குளிரில் நின்று வாங்கியவை. சபை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1993 ஜனவரியில் கடுமையான சட்டம் வந்தது. அதே வருஷத் தேர்தலில் உழைப்பு ஒன்றியத்துக்கு 7.28 சதவீதம், 41 இடம். போர்மேன் மகளின் ஓட்டு அதில் ஒன்று.

ஆட்சி அமைக்கப் பேச்சு நடந்தது. இவர்கள் கூட்டணியில் சேரவில்லை. அவர்களில் மாரெக் போல் மட்டும் தன் சொந்தப் பொறுப்பில் தொழில் அமைச்சர் ஆனார். நாலு வருஷம் கழித்து 1997 தேர்தலில் 4.74 சதவீதம். தடை 5. கால் சதவீதத்தில் கட்சி சபைக்கு வெளியே போனது. புகாய் விலகினார். க்வாஷ்நியெவ்ஸ்கியின் பழைய கட்சியோடு சேர்ந்தால்தான் பிழைப்போம் என்று மிச்சமிருந்தவர்கள் முடிவு செய்தபோது, புகாய் கட்சியை விட்டே போனார், புயாக்கும் போனார். அதற்கப்புறம் இருந்தது பேர் மட்டும்தான். கட்டுரையாளருக்குத் தெரிந்தது இந்தக் கடைசிக் காலத்து உழைப்பு ஒன்றியமாக இருக்கலாம். அப்படியானால் வருஷத்தைப் போட்டு எழுதியிருக்க வேண்டும்.

க்வாஷ்நியெவ்ஸ்கி ஆட்களின் முதல் ஆட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1995 நவம்பரில் அவர் 51.7 சதவீதத்தில் வலேசாவைத் தோற்கடித்து ஜனாதிபதி ஆனார். டிவி விவாதத்தில் அவர் கை நீட்ட, உனக்கு வேண்டுமானால் காலைத்தான் நீட்டுவேன் என்று வலேசா சொன்னதே அவருக்கு வினையாக முடிந்தது. நோபல் பரிசு வாங்கியவரின் பேச்சு அது! 1997-இல் அரசியல் சாசனம் வந்தது, இன்றுவரை அதுதான். நேட்டோவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் போகிற பாதையை மாற்றாமல் பிடித்துப் போனார்கள். மாஸ்கோவின் ஆட்கள் என்று பயந்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ஆனால் கப்பல்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1996 ஆகஸ்டில், இவர்கள் ஆட்சியில்தான், க்டான்ஸ்க் பட்டறை திவால் என்று அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் ரகோவ்ஸ்கி 1988-இல் மூடுவேன் என்றார், முடியவில்லை. அவருடைய வாரிசுகள் ஓட்டு வாங்கி ஆட்சிக்கு வந்தபோது பட்டறை தானே விழுந்தது. மறு வருஷம் ஜூலையில் பெருவெள்ளம், வ்ரோட்ஸ்வாவ் நகரத்தில் ஒரு பெரும் பகுதி மூழ்கியது, நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரதமர் சிமோஷெவிச், முன்னெச்சரிக்கையாக இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஓர் இடதுசாரிக் கூட்டணியின் பிரதமர் பேசுகிற பேச்சா? அந்த வருஷத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு 27 சதவீதமாகக் கூடியது, ஆட்சி போனது. வலதுசாரிகள் இந்த முறை ஒரே குடையின் கீழ் நின்றார்கள், அவ்வளவுதான்.

1999-இல் ஜனநாயக இடதுசாரிக் கூட்டணியே தனிக் கட்சியாகப் பதிவாகி, க்வாஷ்நியெவ்ஸ்கி தொடங்கிய பழைய பலகையைக் கழற்றினார்கள். 2001-இல் உழைப்பு ஒன்றியத்தின் மிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு 41.04 சதவீதம், 216 இடம். போலந்து இடதுசாரிகள் அதற்கு முன்னும் பின்னும் காணாத உயரம். மில்லெர் பிரதமர்.

யாராவது ஏமாற்றினார்கள் என்றால் இங்கேதான் ஏமாற்றினார்கள். 2002-இல் ஷ்செச்சின் பட்டறை திவால், ஆயிரக்கணக்கானோர் தெருவில். வேலையில்லாதோர் நூற்றுக்கு இருபது பேர் அளவுக்குப் போன நேரம். அப்போது இந்தச் சமூக ஜனநாயகவாதிகள் செய்த பெரிய காரியம், கம்பெனிகள் மீதான வரியை 27 சதவீதத்திலிருந்து 19-ஆகக் குறைத்தது. கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துவோம் என்று பேசியவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர சர்ச்சின் தயவு வேண்டும் என்று அதை அலமாரியில் வைத்தார்கள். ஈராக்குக்குப் படை அனுப்பினார்கள். அதற்கு நடுவில் ரிவின் ஊழல். படத் தயாரிப்பாளர் லெவ் ரிவின் ஒரு பத்திரிகை நிறுவனத்திடம் போய், 17.5 மில்லியன் டாலர் கொடுத்தால் உங்களுக்குச் சாதகமாக ஒளிபரப்புச் சட்டம் வரும் என்று பேரம் பேசினார். அந்த நிறுவனத்தின் நாளிதழ் ஆசிரியர் ஆதாம் மிஹ்னிக் அதை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார். 2002 டிசம்பரில் அச்சில் வந்ததும் நாடே டிவி முன் உட்கார்ந்து நாடாளுமன்ற விசாரணையைச் சீரியல் மாதிரி பார்த்தது.

2003-இல் நான் மூன்றாவது முறை போனபோது விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. போர்மேன் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய மகன் நார்வேயில் ஒரு பட்டறையில் வெல்டர். "இனிமேல் யாருக்குப் போடுவீர்கள்" என்று கேட்டேன். "எனக்கு ஓட்டு இருக்கிறது, போட இடம் இல்லை" என்றார். பிஸ்கட் டப்பாவைப் பற்றி விசாரித்தேன். பென்ஷன் காகிதங்கள் சேர்ந்துவிட்டதால் அட்டைகளை எடுத்து மேசை டிராயரில் போட்டாயிற்றாம்.

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மறுநாளே மில்லெர் பதவி விலகினார். அதற்கு ஒரு மாதம் முன்பே மாரெக் பொரோவ்ஸ்கி கட்சியை உடைத்து இன்னொரு சமூக ஜனநாயகக் கட்சி தொடங்கியிருந்தார். 2005 தேர்தலில் 41 என்பது 11.31 ஆனது. பொரோவ்ஸ்கியின் கட்சி 3.89 சதவீதத்தோடு வாசலில் நின்றது.

கணக்கின் கடைசி வரி 2015-இல் விழுந்தது. இடதுசாரிகள் எல்லாம் சேர்ந்து 'ஒன்றுபட்ட இடது' என்று கூட்டணியாக நின்றார்கள். முகமாக நின்றவர் பார்பரா நோவாட்ஸ்கா. உழைப்பு ஒன்றியத்தின் ஒரு கட்டத் தலைவராகவும் துணைப் பிரதமராகவும் இருந்து, 2010-இல் ஸ்மொலென்ஸ்க் விமான விபத்தில் இறந்த இசபெலா யருகா-நோவாட்ஸ்காவின் மகள். கிடைத்தது 7.55 சதவீதம். தனிக் கட்சியாகப் பதிந்திருந்தால் 5 போதும், கூட்டணி என்பதால் 8 வேண்டும். 1993-இல் இருபது சதவீத ஓட்டுக்கு 171 இடத்தை அள்ளிக் கொடுத்த அதே விதி, இருபத்திரண்டு வருஷம் கழித்து அவர்களை ஒரு இடம்கூட இல்லாமல் துரத்தியது. 1989-க்குப் பிறகு இடதுசாரி ஒருவர்கூட இல்லாத முதல் சபை. வலதுசாரியான சட்டமும் நீதியும் கட்சி 37.58 சதவீதத்தில் 235 இடம் பிடித்துத் தனியாக ஆட்சி அமைத்தது. 2016 ஏப்ரலிலிருந்து, இரண்டாவது குழந்தையில் தொடங்கி மாதம் 500 ஸ்லோட்டி வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது. ஷ்செச்சினில் பட்டறை மூடியபோது எந்தச் சமூக ஜனநாயகவாதிக்கும் தோன்றாத யோசனை.

இப்போதும் இடதுசாரிகள் சபையில் இருக்கிறார்கள். 2023 தேர்தலில் 8.61 சதவீதம், 26 இடம், அதன்பின் அமைந்த பிரதமர் டுஸ்கின் அரசில் பங்கு. புதுப் பேர், புதுச் சின்னம். அது வேறு கதை.

கட்டுரையாளர்மீது எனக்குக் கோபம் தணிந்துவிட்டது. ஒரு பத்தி இடத்தில் ஒரு நாட்டை அடக்கச் சொன்னால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். ஆனால் எட்டரை வருஷம் உள்ளே இருந்த மனிதரையும் நாலரை வருஷம் ஒளிந்து வாழ்ந்த மனிதரையும், அவர்களை விரட்டிப் பிடித்த கட்சியின் வேடம் என்று ஒரு தமிழ்ப் பேப்பரில் அச்சிட்டது அச்சிட்டதுதான். மொட்செலெவ்ஸ்கி 2019-இல் காலமாகிவிட்டார், அவர் வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. திருத்தம் போடுவதாக இருந்தால் இரண்டு வரி போதும்: உழைப்பு ஒன்றியம் 1992 ஜூனில் தொடங்கியது, அதைத் தொடங்கியவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் சாலிடாரிட்டிக்காரர்கள். கட்டுரை வந்த அதே நடுப்பக்கத்தில் போட்டால் நல்லது. வரி விளம்பரங்களுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர்,
தூத்துக்குடி